டீச்சரம்மா ஏறாத கார்

பெட்டியை வைப்பதற்காக நான் டிக்கியைத் திறந்துகொண்டு நின்றபோது, டீச்சரம்மா வெறுங்கையோடு படியிறங்கி வந்து, "நான் வரலைங்க" என்று சொன்ன அந்தக் காலை இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. வானம் மூடியிருந்தது, அவ்வளவுதான். மலை உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. தூறல்கூட இல்லை. மறுநாள் விடிகாலை சென்னையிலிருந்து அவருக்கு விமானம். புயல் அன்று மாலை கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போதே கிளம்பினால் செஞ்சி, திண்டிவனம் வழியாக அதற்குள் சென்னை போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

"பன்னெண்டு வருஷமா இதே ரோட்ல ஓட்றேன் மேடம். எவ்ளோ மழை பாத்திருக்கேன். ஏறுங்க" என்றேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. அவருக்காக ஒரு கல்யாண சவாரியை விட்டிருந்தேன்.

கரீபியக் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு அவருடைய ஊர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடமாக ஒவ்வொரு வருடக் கடைசியிலும் வந்து, செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் விடுதியின் மாடி அறையில் மூன்று மாதம் தங்குவார். தமிழை உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றோடும் 'ங்க' சேர்த்துவிடுவார். சந்து நாயைக்கூட "வாங்க, பிஸ்கட் சாப்புடுங்க" என்றுதான் கூப்பிடுவார். அதுவும் அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டதுபோல் நடந்துதான் வரும்.

அன்று அவர் படியிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். விமானக் கம்பெனிக்குப் போன் செய்து பயணத்தைத் தள்ளிப்போட்டார். எங்கே தங்கியிருக்கிறேன் என்று தன் நாட்டுத் தூதரகத்துக்கு எழுதினார். மகளுக்குப் போன் செய்து, "ரெண்டு நாள் போன் வேலை செய்யாமல் போகலாம், பயப்படாதே" என்று அவருடைய மொழியில் சொன்னதாக எங்களுக்கும் சொன்னார். பாஸ்போர்ட்டையும் மாத்திரைகளையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டினார். வாளி, குடம், குக்கர் என்று கிடைத்ததில் எல்லாம் குடிநீர் பிடிக்க வைத்தார். விடுதியை நடத்தும் அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "இங்க கடலா கீது? மலைதான கீது? எதுக்கு டீச்சர் இவ்ளோ பயம்?"

டீச்சரம்மா மலையைப் பார்த்தார். "அங்க பெய்யுற தண்ணி எங்க போகுதுங்க?" என்றார்.

விடுதியில் வேலை செய்யும் அம்மாதான் வாசல் பெருக்குவதை நிறுத்தி நிமிர்ந்தார். அவர் அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவர். "எல்லாம் பின்னாடி ஓடைலதாம்மா வரும். என் சின்ன வயசுல அந்தப் புளியமரம் வரைக்கும் ஏறிச்சி. இப்ப ஓடை கம்மியா பூடுச்சி, வீடுதான் ஜாஸ்தி" என்றார்.

டீச்சரம்மா பின்பக்கம் போய் ஓடையைப் பார்த்தார். முள்ளும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக் கிடந்தது. அதை ஒட்டிய கீழ் அறையில்தான் அக்காவின் மகள், இருபது நாள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். அவர்களை உடனே மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அக்கா மறுத்துவிட்டார். "மேல காத்து அடிக்கும், கொழந்தைக்கு ஆவாது."

அப்போதுதான் அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவர்கள் ஊரில் புயலை ஹரிகேன் என்பார்கள். அப்படி ஒன்று வந்த நாளில், இன்னும் நேரம் இருக்கிறது என்று தம்பி காரை எடுத்துக்கொண்டு போனாராம். "நேரம் இருந்துச்சுங்க. பாலம்தான் இல்லை" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. அக்கா உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மகளையும் அழைத்து வந்தார். டீச்சரம்மா தன் அறையை அவர்களுக்குக் கொடுத்து, ஜன்னல் இடுக்குகளில் தன் துணிகளைச் சுருட்டி அடைத்தார். நானும் காரை மெயின் ரோட்டு மேட்டில் நிறுத்திவிட்டு வந்தேன்.

மத்தியானம் பிடித்த மழை ஊற்றித் தள்ளியது. நாலு மணிவாக்கில் பின்பக்கம் பெரிய சத்தம். ஓடை பொங்கிச் சுற்றுச்சுவர் சரிந்து, செம்மண் தண்ணீர் கீழ் அறைக்குள் புகுந்தது. மாடிப்படியில் நின்று பார்த்தோம். காலைவரை தாயும் பிள்ளையும் படுத்திருந்த மெத்தை வாசல் வழியாக மிதந்து வெளியே போனது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பெருக்கும் அம்மாவின் குடும்பமும் சேர்த்து மாடி வராந்தாவில் பதினான்கு பேர் இருந்தோம். கரண்ட் இல்லை. சிலிண்டர் அடுப்பில் அண்டா நிறைய உப்புமா கிளறினோம். ஜெர்மனியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவர் தன் புதுச் செருப்பு மிதப்பதைப் பார்த்துத் தண்ணீரில் இறங்கப் போனார். டீச்சரம்மா பதறிப்போய், ஆங்கிலத்தை மறந்து தமிழிலேயே கத்தினார்: "இறங்காதீங்க! செருப்புங்க போகட்டும்ங்க!" ஜெர்மன்காரருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அப்படியே நின்றுவிட்டார். பயத்தையெல்லாம் மறந்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். குழந்தை எதற்கும் அசையாமல் தூங்கியது.

மூன்று நாள் கழித்து, செஞ்சி ரோடு அரித்துப்போயிருந்ததால், போளூர், ஆரணி வழியாக அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். புயலடித்த அன்று, நான் போக நினைத்த நேரத்திலேயே கிளம்பிய நண்பன் ஒருவன், நிரம்பி வழிந்த ஏரிக்கு முன்னால் ஒரு முழு நாள் காருக்குள் உட்கார்ந்திருந்தானாம். அவன் பத்திரமாக வந்துவிட்டான். கார்தான் ஒரு மாதம் பட்டறையில் கிடந்தது.

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்குள் போனவர், நான் காரை எடுப்பதற்குள் போன் செய்தார். "சாயந்திரம் திரும்ப மழை வரும்னு இங்க டிவில சொல்றாங்க. இன்னைக்கு ஊருக்குப் போகாதீங்க. இங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

இருந்தார். தாம்பரத்தில் என் கூடப் பிறந்த அக்கா. மாதத்துக்கு நாலு முறை அவர் வீட்டு வழியாகவே சவாரி போய் வந்தும், நேரமில்லை என்று நான் வாசல் மிதித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அப்படி ஆகிவிட்டது.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடா, வழி தெரிஞ்சிச்சா?" என்றார்.

"மழை வருதாம்க்கா. ராத்திரி தங்கிட்டுப் போறேன்."

"உள்ள வா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களையப் போனார். அன்று தாம்பரத்தில் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை. நானும் வெளியே போய்ப் பார்க்கவில்லை, மழை எங்கே என்று அக்காவும் கேட்கவில்லை.