சேலை எடுக்கப் போன சிப்பாய்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த எனக்கு வீட்டில் சும்மா இருப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. கூட வேலை பார்த்த நண்பன், முன்னாள் ராணுவத்தினருக்கான செயலி ஒன்றை என் போனில் ஏற்றிவிட்டான். வீட்டு வாழ்க்கைக்குப் பழக, தினமும் அது ஒரு வேலை கொடுக்கும்.

அன்றைய வேலை, 'முன்பின் தெரியாத ஒருவரிடம் உதவி கேளுங்கள்.' எல்லையில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

மனைவிக்குச் சேலை எடுக்க, சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டு அம்மாவிடம் தயங்கிக்கொண்டே கேட்டேன். "ஏனுங்க, ஊட்டுக்காரம்மாவுக்குச் சேலை எடுக்கோணும். எப்படிப் பார்த்து எடுக்கறதுங்க?"

"அவங்களுக்கு என்ன கலர் புடிக்குமுங்க?"

தெரியாது என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "போன் போட்டுக் கேளுங்க" என்றார் கண்டக்டர். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள், போட்டேன்.

"மயில் கழுத்துக் கலருங்க" என்றாள் மனைவி. கூடவே, "இதைக் கேக்கறதுக்கு நீங்க ரிட்டயர் ஆகோணுமாக்கும்" என்றாள்.

பஸ் முழுக்கச் சிரித்தது. ஊர் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்த அம்மா கடைக்கே கூட வந்து சேலையை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் செயலி, 'உதவி கேட்டீர்களா?' என்றது. ஆம் என்று அழுத்தினேன். ஒரு பஸ்ஸே உதவியது என்று எழுத அதில் இடமில்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு, சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"சரி, உனக்குப் புடிச்ச குழம்பு என்ன?"