குச்சி இல்லாத தூண்டில்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு முனை பிராய்லர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ராசிபுரத்துக்குக் குடிவந்த நாள் முதல் அந்தக் கடைதான். எனக்கு முன்னால் நின்றவருக்குக் கறி போட்டுக் கொடுத்த கடைக்காரர், குடலை வழித்துப் பக்கத்து வாளியில் எறிந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"அந்தக் குடலைக் கொஞ்சம் தனியாக் கட்டிக் குடுங்க."

"நாய்க்குங்களா அக்கா?"

"ஆமாங்க" என்றேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் செய்தவருக்கு எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும். உங்களிடம் சொல்வதற்கென்ன? மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடை எனக்கு என்னுடைய இருபத்திரண்டாம் வயதின் வாடை.

அப்போது நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான், சேலம் டவுனிலிருந்து ஜரினா. இரண்டு பேருக்கும் ஒரே வேலை. காலையில் அன்றைய முட்டை விலை தெரிந்ததும் ஆளுக்கொரு தொலைபேசியை எடுத்து, கேரளத்திலும் சென்னையிலும் இருக்கிற கடைக்காரர்களுக்கு வரிசையாகச் சொல்ல வேண்டும். ஜரினாவுக்கு வானொலிக் குரல். பாலக்காட்டுக் கடைக்காரர் ஒருவர், விலை தெரிந்த பிறகும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார். என் திறமை வேறு விதம். ஒருநாள் விலைக்குப் பதிலாக அன்றைய தேதியைச் சொல்லிவிட்டேன். விலை சரிந்துவிட்டதென்று எதிர்முனையில் இருந்தவர் ஆனந்தப்பட்டு இரண்டு லோடு கேட்டார்.

நாங்கள் தங்கியிருந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெண்கள் விடுதியில். கீறல் விட்ட முட்டையெல்லாம் மலிவாக அங்கேதான் வந்து சேரும். திங்கள் முட்டைக்குழம்பு, செவ்வாய் முட்டைப் பொரியல், புதன் மறுபடியும் குழம்பு. பகலெல்லாம் முட்டை முட்டை என்று பேசிவிட்டு வந்து ராத்திரி அதையே தின்பதை நினைத்துப் பாருங்கள். கனவில்கூட முட்டை அட்டை அட்டையாக வரும்.

அந்தச் சலிப்பில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறி மோகனூருக்குப் போனோம். சும்மா காவிரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அங்கே ஒருவர் மணலில் நின்று, நுனியில் இரும்பு கட்டிய நைலான் இழையைத் தலைக்கு மேல் சுழற்றி ஆற்றுக்குள் வீசினார். கையில் குச்சி இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையாலேயே இழுத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைக் கரையில் போட்டார். ஜரினா ஓடிப்போய்க் கேட்டாள்.

"குச்சியே இல்லாமப் புடிக்கிறீங்களே, எப்படிங்க?"

"நரம்பு, கனம், முள்ளு. வேற என்னங்க இருக்குது இதுல?" என்று சொல்லிவிட்டு அவர் மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். மிச்சத்தை நாங்களே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டோம்.

தூண்டில் கட்டும் நைலான் இழையைத்தான் நரம்பு என்பார்கள். நல்ல தடியான நரம்பாக எழுபது முழம் வாங்கி, காலியான தண்ணீர் பாட்டிலில் சுற்றிவைத்தோம். கனத்துக்கு எங்கே போவது? எங்கள் அலுவலகத்தை ஒட்டி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வெல்டிங் வேலை செய்த செல்வத்திடம் ஜரினா நேராகப் போய், "பெரிய நட்டு நாலு வேணும்" என்றாள்.

"எந்த வண்டிக்குங்க?"

"ஆத்துக்கு."

அவர் ஒரு விநாடி முழித்துவிட்டு, தேய்ந்த நட்டாகப் பொறுக்கி ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். நரம்பின் கடைசியில் நட்டு. அதற்கு ஒரு முழம் மேலே பக்கவாட்டில் கிளை மாதிரி ஒரு சிறு நரம்பு. கிளையின் நுனியில் முள். நட்டு அடிமண்ணில் உட்கார்ந்துகொள்ளும், இரை அதற்கு மேலே நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. முதல் மூன்று வாரமும் முள்ளை மீன் கொண்டுபோனது. நான் பூக்கட்டும் முடிச்சுப் போட்டிருந்தேன். நைலான் வழுக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பிறகு ஜரினா ஒரு வழி கண்டுபிடித்தாள். முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, ஆறு சுற்றுச் சுற்றி, நுனியைத் திரும்ப உள்ளே விட்டு, வாயில் வைத்து ஈரமாக்கி இழுத்தாள். நான் முகம் சுளித்தேன்.

"எச்சில் படாத முடிச்சு நிக்காதுடி" என்றாள்.

நின்றது. ஆனால் அடுத்த வாரம் முள்ளுக்கு மேலே நரம்பே பிளேடால் அறுத்த மாதிரி போனது. வாளை மீனின் பல் வேலை அது. அதற்கும் செல்வம்தான் மருந்து தந்தார். பழைய சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து, அதிலிருந்து ஒரு சாண் இழை. முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவே அதைக் கட்டினோம்.

இரைக்குக் கோழிக்குடல். கோழிப் பண்ணை ஊரில் அதற்கா பஞ்சம்? வழவழவென்று முள்ளில் நிற்காது என்பதால் தையல் நூலால் சுற்றிக் கட்டுவோம். அதை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனால் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஏனுங்க, யாருங்க கருவாடு ஏத்துனது?" என்று முன்னும் பின்னும் நடப்பார். ஜரினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் பக்கத்து சீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்ப்பேன்.

வீசுவதற்கு முன்னால் நரம்பை மணலில் விரித்த சாக்கின்மேல் தளர்வான வளையங்களாக விட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். நட்டைப் பிடித்து இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் விடுவது. என் முதல் வீச்சு பின்பக்கமாகப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரின் குடத்தில் டங்கென்று விழுந்தது. அவர் திட்டிய திட்டில் அன்று மீன்கூட வரவில்லை. வீசி முடித்ததும் நரம்பின் மறுநுனியை மணலில் அடித்த முளைக்குச்சியில் கட்டிவிட்டு, நரம்பை ஆள்காட்டி விரலின்மேல் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நண்டு என்றால் விரலில் குறுகுறுக்கும். கெளுத்தி வெடுக்கென்று இழுக்கும். எவ்வளவு பெரிய மீனானாலும் நரம்பைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளக்கூடாது. அதைத் தழும்பு பட்டுத்தான் படித்தேன். இடது சுண்டுவிரலில் இன்னமும் இருக்கிறது.

ஞாயிறு தவறாமல் போனோம். பிடித்ததை விடுதிச் சமையல்காரர் ராசம்மாக்காவிடம் கொடுத்தால் ராத்திரி முட்டைக்கு விடுமுறை. முப்பது பெண்களும் எங்களை வாழ்த்தினார்கள். ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அலுவலகம், விடுதி, இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் காலடி வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஜரினாவை அவள் அத்தா, அதாவது அப்பா, வேலைக்கு அனுப்பியிருந்தார். யார் பார்த்தார்களோ, யார் சொன்னார்களோ, செய்தி சேலத்துக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் இதாயத்துல்லா விடுதிக்கு வந்து இறங்கினார். அத்தாவோடு ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிறவர். ராசம்மாக்காவுக்குப் பொய் வராது. "புள்ளைங்க ரெண்டும் மோகனூர் ஆத்துக்குப் போயிருக்குதுங்க சாமி. பொழுது சாய வந்துருமுங்க" என்று சொல்லிவிட்டார்.

பதினொரு மணி இருக்கும். சலவை வெள்ளைச் சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ, மணலில் புதையப் புதைய ஒருவர் எங்களை நோக்கி வருகிறார். ஜரினா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. முழங்கைவரை கோழிக்குடல் நாற்றம், தலையில் முக்காட்டுக்குமேல் கட்டிய துண்டு.

"என்ன கோலம் இது?" என்றார்.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கிளம்பு. துணிமணியை எடுத்துக்கிட்டு இன்னிக்கே சேலத்துக்கு வர்றே. அத்தா கூட்டிட்டு வரச் சொல்லிட்டார். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் போய்விட்டால் அந்த அலுவலகத்தில் நான் யாருடன் சிரிப்பேன்? "தப்பா ஒண்ணுமில்லீங்ண்ணா, மீன்தானுங்க..." என்று இழுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. ஜரினா மெதுவாகச் சொன்னாள்: "சரிண்ணே. நரம்பைச் சுருட்டிக்கிட்டு வந்துடறேன்."

குனிந்து இழுத்தாள். வரவில்லை. பாறையில் மாட்டிக்கொண்டது போலிருந்தது. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு இழுப்பதைப் பார்த்த அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "கொடு இங்கே, அறுத்துப் போட்டுட்டு வா" என்று நரம்பைப் பிடுங்கி ஒரே வெட்டாக இழுத்தார்.

பாறை நகர்ந்தது.

ஆமாம், நகர்ந்தது. பிறகு ஆற்றின் நடுப்பக்கம் நோக்கி ஓடத் தொடங்கியது. அண்ணன் இரண்டடி முன்னால் தடுமாறிப் போய் நின்று, "என்ன இது? என்ன இது?" என்றார். பயத்தில் நரம்பைக் கையில் சுற்றப் போனார்.

"சுத்தாதே! கையில சுத்தாதேண்ணே! விரல் போயிரும்!" ஜரினாவின் வானொலிக் குரல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டை உருவி அவர் உள்ளங்கையில் திணித்தாள். "துணியோட பிடி. அது ஓடினா விடு. நின்னா இழு. இழு, இப்போ இழு!"

"விடறேன், விடறேன்" என்றார் அண்ணன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவளை வீட்டுக்கு இழுத்துப்போக வந்தவர், அவள் சொன்னபடியெல்லாம் ஆடினார். ஓடியது, விட்டார். நின்றது, இழுத்தார். ஷூவோடு முழங்கால்வரை தண்ணீரில் நின்றார். நான் பின்னால் நின்று, வருகிற நரம்பைச் சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் தண்ணீர் பிளந்து, வெள்ளிப் பட்டை மாதிரி ஒரு நீளம் புரண்டது. வாளை. வாயைத் திறந்தால் என் தலையே உள்ளே போகும் போலிருந்தது.

"யா அல்லா!" என்றார் அண்ணன்.

கரையோரம் வந்ததும் அது கடைசியாக ஒரு துள்ளுத் துள்ளியது. முள் கழன்றது. நான் யோசிக்கவே இல்லை, அப்படியே அதன்மேல் விழுந்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி வழுக்கல். ஜரினா வால் பக்கம், அண்ணன் தலைப் பக்கம். மூன்று பேருமாக அதை உருட்டி மணலுக்குக் கொண்டுவந்தோம். எட்டுக் கிலோவுக்குக் குறையாது.

அண்ணன் சேறும் சகதியுமாக உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெள்ளைச் சட்டை எந்த நிறம் என்றே தெரியவில்லை. "நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று கண்டிப்பாக ஆரம்பித்தார். மீனைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்: "ஒரு வார்த்தை வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் ஷூவைக் கழற்றி உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டினார். "விட்டிருக்க மாட்டோம்" என்றார். ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டே, "அத்தாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். ஜரினா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் வந்தது. மீன் செதில் கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன். வாளைக்குச் செதிலே கிடையாது.

மீனில் பாதியை ராசம்மாக்கா எடுத்துக்கொண்டார். மீதியைச் சிமெண்டுச் சாக்கில் சுற்றிக்கொண்டு அண்ணன் சேலத்துக்குப் பஸ் ஏறினார். அத்தாவிடம் என்ன பேசினார் என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. தங்கச்சி பத்திரமாக இருக்கிறாள், நல்ல இடம், கவலை வேண்டாம் என்று முதலில் சொல்லியிருக்கிறார். பிறகு, "காவிரியில நானே பிடிச்சேன்" என்று மீனைக் காட்டியிருக்கிறார். தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல மீன் பன்னிரண்டு கிலோ ஆகிவிட்டது. அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு, "தங்கச்சியைப் பார்த்துட்டு வரணும்" என்று கிளம்பி வந்துவிடுவார். செருப்புப் போட்டுக்கொண்டு, சேலத்தில் வாங்கிய புது நரம்போடு. அவர் வீசியது பலமுறை என் முதல் வீச்சைப்போலப் பின்பக்கம்தான் போனது. நாங்கள் எதுவும் சொல்ல மாட்டோம். ஜரினா இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணமாகித்தான் போனாள்.

சென்ற வருஷம் மோகனூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது ஆற்றில் இறங்கிப் பார்த்தேன். சாக்கு விரித்த மணல்மேடு இல்லை. அள்ளிக்கொண்டு போனது போக அங்கங்கே பள்ளமும், பள்ளத்தில் கோரையும். மேலே இரண்டு பேர் சக்கரம் வைத்த குச்சியோடு நின்று, மீனைவிடக் கேமராவை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடுதி இருந்த இடத்தில் செல்போன் கடை. அலுவலகமும் இல்லை. முட்டை விலையைச் சொல்ல இப்போது குரல் தேவையில்லை, போனில் எழுத்தாகவே வந்துவிடுகிறது.

அங்கிருந்தே கோயமுத்தூருக்கு, ஜரினாவுக்கு, போன் போட்டேன். பள்ளமானாலும் தண்ணீர் இருக்கிறது, ஒரு ஞாயிறு வா, இரண்டு பேரும் வீசிப் பார்ப்போம் என்றேன்.

"வர்றேன்டி! கண்டிப்பா வர்றேன்" என்று அதே குரலில் துள்ளினாள். பிறகு, "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன். வண்டியில தனியா அனுப்ப மாட்டான்" என்றாள்.

"நானும் ஊட்டுல கேக்கோணும்" என்றேன்.

அவள்தான் முதலில் சிரித்தாள்.