முதலில் எந்தப் படம்

என் மருமகள், செத்துப்போன ஹார்டு டிஸ்குகளைப் பிழைக்கவைப்பவள். அவள் பொறுமை யாருக்கும் வராது என்பேன். மகன் சிரித்தாலும் என்பேன். டிஸ்கைத் திறந்துவிட்டால் வீட்டில் யாரும் விளக்குமாற்றைத் தொடக் கூடாது, மின்விசிறி சுற்றக் கூடாது, நான் போர்வை உதறக் கூடாது. ஒரு தூசி போதும், எல்லாம் பாழ்.

அன்று வந்தவர் ஒரு கல்யாணப் படக்காரர். அவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்த டிஸ்க் சில்லென்று வியர்த்திருந்தது.

"டக் டக்னு சத்தம் வந்துச்சுக்கா. ஃப்ரீசர்ல வச்சா சரியாயிடும்னாங்க."

"இதென்ன மீன் துண்டா, ஐஸ்ல வைக்க? உள்ள தண்ணி கோத்திருக்கும். காயணும்."

"இப்பவே போட்டுப் பாருங்கக்கா. கேமரா கார்டையெல்லாம் அழிச்சுட்டேன். அந்தக் கல்யாணம் வேற எங்கயும் இல்ல."

"ஈரத்தோட போட்டா இதுலயும் இருக்காது."

மறுநாள் நாங்கள் பல் தேய்க்கும் முன்பே வந்துவிட்டார். மருமகள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, அதே ரகத்துப் பழைய டிஸ்க் ஒன்றின் சுழலும் தட்டைப் படிக்கும் முள்ளைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். நான் கொடுத்த காப்பியில் ஆடை படிந்தது.

"பிரசவ அறை வாசல்ல நிக்கிற புருஷன் மாதிரி நடக்காதீங்க தம்பி. உட்காருங்க."

உட்காரவில்லை. கதவு திறந்தது.

"ஓடுது. ஆனா தட்டுல கீறல் விழுந்திருக்கு, எப்ப வேணா நின்னுடும். முதல்ல எந்தப் படம் வேணும்?"

"எல்லாமே வேணும்க்கா."

"எல்லாம்னு ஆசைப்பட்டா ஒண்ணும் மிஞ்சாது."

அவர் தாலி, மாலை, ஊர்வலம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"கல்யாணம் உங்களுதா? கல்யாணப் பொண்ணைக் கேளுங்க."

டிஸ்க் போனதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் அவர் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"திட்டினா வாங்கிக்கங்க தம்பி. திட்டு உடம்புல ஒட்டாது" என்றேன்.

போன் போட்டு, தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அந்தப் பெண் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி அப்பா சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து என் தோளைப் பிடிச்சு நின்னார்ல, அது. மத்ததுக்கு நாங்க திரும்பக்கூட நின்னுக்கலாம். அவரால இனி முடியாது."

மருமகள் அந்த நேரத்துப் படங்களை மட்டும் தேடினாள். திரையில் ஒரு கோடு எறும்பாய் ஊர்ந்தது. ஒரு படம் வந்தது: ஒருபக்கமாய்ச் சாய்ந்து, மகள் தோளைப் பற்றி நின்றார் ஒரு மனிதர். அடுத்த படம் பாதியில் இருக்கும்போது மறுபடி டக். மருமகள் சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்தாள்.

"மத்ததுக்கு வேற முள் தேடணும். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

படக்காரர் அந்த ஒரு படத்தைப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை, ஆடையோடு, ஒரே மடக்கில் குடித்தார்.