பூட்டிய வீடுகளின் ஓட்டு

அந்த ஊராட்சித் தலைவரை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அவரை ஜெயிக்க வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பது அதைவிட எரிகிறது.

விழுப்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கினேன். மல்லாட்டைக் கடலை போட்டுக்கொண்டிருந்த நிலம். முகப்பில் 'நகர்' என்று எழுதிய பெரிய வளைவு, உள்ளே மனைக்கு மனை நட்ட கல். அவ்வளவுதான். ரோடு கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. தேர்தல் வந்தபோது எங்களுக்கு மனை விற்ற ஆளே தலைவர் பதவிக்கு நின்றார்.

"உங்க ஓட்டெல்லாம் இங்க மாத்திக்கினு வந்துடுங்க சார். நான் வந்தா ஜல்தியா ரோடு போட்டுர்றேன்" என்றார்.

வீடே இல்லாத மனைக்கு ஓட்டாம்! புத்தி கெட்டுப்போய் மாற்றினோம். வாக்காளர் பட்டியலின்படி நான் வேலிக்காத்தான் புதருக்குள் குடியிருந்தேன். ஓட்டுப் போடும் நாளில் வேன் அனுப்பி அழைத்துப்போய், பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்.

ஜெயித்தார். சொன்னபடி ரோடு வந்தது. அந்த ரோட்டை நம்பித்தான் கடன் வாங்கி வீடு கட்டிக் குடிபோனோம். அடுத்த வருஷமே, ஏரித் தண்ணீர் வடியும் வாய்க்காலை லாரி லாரியாக மண்ணடித்து மூடி, அதன்மேல் இரண்டாவது நகரைப் போட்டார் மனுஷன். அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். வாங்கியவர்கள் சென்னைக்காரர்கள். முக்கால்வாசி வீடுகள் இன்றுவரை பூட்டியே கிடக்கின்றன.

ஐப்பசி மழையில், போக வழியில்லாத தண்ணீர் என் கூடத்துக்குள் வந்தது. முழங்கால் அளவு. மெத்தை, அரிசி, சான்றிதழ் எல்லாம் போச்சு. கட்டில்மேல் அடுப்பை வைத்து என் மனைவி கஞ்சி காய்ச்சினாள். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"வாய்க்கால தொறந்து வுடுங்க."

"அங்க அத்தினி வீடு இருக்குது. எல்லாருக்கும் இங்கதான் ஓட்டு. இடிக்கச் சொல்றீங்களா சார்?"

"பூட்டிக் கெடக்குற வீடுய்யா அது!"

"நீங்க ஓட்டுப் போட்டப்ப வீடே இல்லியே சார்" என்று பல்லைக் காட்டினார். செருப்பைக் கழற்றக் கை பரபரத்தது.

கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு தெருவில் கையெழுத்துக் கேட்டேன். ஒரு ஜீவன் போடவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார், சுவரில் தண்ணீர் ஏறிய தடத்தின்மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வருதுன்னு எழுதிக் குடுத்தா வீட்டு ரேட்டு உழுந்துடும் சார். பெரிய பேஜாரு" என்றார்.

"தூ! நீயெல்லாம் புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்த?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

மறுவருஷமும் தண்ணீர் வந்தது. "இன்னொரு மழைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். வித்துட்டு விழுப்புரமே போயிடலாம்" என்று என் மனைவி அழுதாள். இந்தக் கோடையில் புரோக்கர் ஒரு சின்னக் குடும்பத்தை அழைத்து வந்தார். கண்டமங்கலம் பக்கத்து ஆட்கள். கணவன் மாடியைப் பார்க்கப் போனான். இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் கூடத்திலேயே நின்றாள்.

"மழைக்குத் தண்ணி கிண்ணி உள்ள வருமாண்ணா?"

டீ கொண்டுவந்த என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொட்டு நிக்காதும்மா" என்றேன். "நம்ம தலைவரு அதெல்லாம் கரெக்டா பாத்துக்குவாரு."