தேதி தெரியாத ரூட்டர்

மூன்று வாரம் முன்பு இதே பக்கத்தில் டோக்கன் புகழ் பாடியிருந்தேன். நினைவிருக்கிறதா? அதில் பாதியை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

நான் குடியிருப்பது மாமல்லபுரத்தில், தேவராஜ் வீட்டு மாடியில். பின்னால் அவருடைய சிற்பப் பட்டறை. கல்லில் எழுத்து வெட்டும் மிஷின் ஒன்று அங்கே உண்டு. டிசைன் எல்லாம் வீட்டு ரூட்டரில் செருகிய டிஸ்க்கில் இருக்கும். மிஷின் அதை வைஃபை வழியாக எடுத்துக்கொள்ளும்.

அந்த மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டீபன் ஆறு மாதம் முன்பு வேலையை விட்டு வேறு பட்டறைக்குப் போனான். டிஸ்க்கின் பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியும். தெருவில் பைக்கை நிறுத்தினாலே வைஃபை எட்டும்... டிசைன்கள் பறிபோகுமோ என்று தேவராஜுக்கு ஒரே கவலை. அதனால் போன மாதம் என் லேப்டாப்பில் உட்கார்ந்து, டிஸ்க்கின் பாஸ்வேர்டை ஒழித்து டோக்கன் போட்டுக் கொடுத்தேன். டோக்கன் என்றால் கேட் பாஸ் மாதிரி — யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்.

போன செவ்வாய் காலை கரண்ட் போய் வந்தது. நெட் மட்டும் வரவில்லை. தேவராஜ் மாடியேறி வந்தார்.

"சார், மிஷினு டிசைனை எடுக்க மாட்டேங்குது. அனுமதி இல்லன்னு சொல்லிகினு கீது."

மாலை ஐந்து மணிக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு சர்ச் திறப்பு. அதன் கல்வெட்டில் ஓர் எழுத்துகூட இன்னும் வெட்டவில்லை.

வெப்சைட் என்றால், டோக்கன் செல்லாதபோது லாகின் பக்கத்துக்கு நம்மை அழைத்துப் போகும். மிஷினுக்கு ஏது பக்கம்? முடியாது என்று ஒரு வரி, அவ்வளவுதான். டிஸ்க்கைப் பிடுங்கி நேரே செருகலாமென்றால் மிஷினில் அதற்கு இடமே இல்லை. ரூட்டருக்குள் போய்ப் பார்க்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அதை என் லேப்டாப்தான் நினைவில் வைத்திருந்தது. லேப்டாப்போ செங்கல்பட்டில், சர்வீஸில்.

முதன்முதலில் ரூட்டரை மாட்டி அந்தப் பாஸ்வேர்டை வைத்தது யார்? ஸ்டீபன்.

தேவராஜ் பத்து நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு அவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"கரண்ட்டு போச்சா அண்ணாத்த?" என்றான் ஸ்டீபன். "ரூட்டர்ல பேட்டரி கெடையாது. நெட்டு வந்தாதான் அதுக்குத் தேதி தெரியும். இப்ப அதோட காலண்டர் ஆரம்பத்துக்கே போயி 1970னு நெனச்சிகினு இருக்கும். உங்க டோக்கனு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. உள்ள போயி தேதிய மாத்துங்க."

பாஸ்வேர்டையும் சொன்னான். என் போனிலிருந்தே ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். 1970, ஜனவரி ஒன்று. தேதியை மாற்றியதும் மிஷின் ஓடத் தொடங்கியது. கல் நாலரைக்கெல்லாம் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. டிஸ்க்குக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டு, ரூட்டரையே திறக்கும் சாவியை இத்தனை நாளும் அவனிடமே விட்டிருக்கிறோம். ஆனாலும் இந்த ஆறு மாதத்தில் ஒரு டிசைனும் வெளியே போகவில்லை.

அன்று மாலையே அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். நாம் இரண்டு பேரும் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று தேவராஜிடம் கேட்டேன்.

"ஸ்டீபன் கிட்ட சொல்லி வெச்சிடுங்க சார்."