தூங்க வையும் என்று கேட்டேன்

போன தவக்காலத்தில் என் இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. நான் சூசை, புன்னைக்காயல்காரன். இருபது வருஷமாகக் கம்ப்ரஸர் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலுக்கடியில் சங்கு எடுத்தவன். அன்றைக்குத் தூத்துக்குடிக் கரையில் வள்ளத்தை அணைக்கும்போது, வள்ளத்துக்கும் கல் சுவருக்கும் நடுவில் கை சிக்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தகடு வைக்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பயம். எலும்பில் ஓட்டை போடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருந்தார். "ஆண்டவரே, எனக்கு எதுவும் தெரியக் கூடாது. என்னைத் தூங்க வையும்." மூன்று நாளும் இதே செபம்தான்.

மூன்றாம் நாள் மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். என் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஒங்க நெஞ்சு ரொம்ப மோசமா இருக்கு அண்ணாச்சி. முழு மயக்கம் வேண்டாம். அக்குள்ல ஊசி போட்டு கைய மட்டும் மரக்க வைக்கேன். நீங்க முழிச்சிதான் இருப்பீங்க."

என் மனைவி ஜெசிந்தா முகத்தைப் பார்த்தேன்.

"ஆண்டவர்ட்ட கேட்டது ஒண்ணு, கெடைக்கது ஒண்ணா இருக்கே" என்றாள் அவள்.

நான் பூசைக்குப் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதற்குத் தண்டனையோ? தெரியவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன். ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்துப் பார்த்து ஊசி போட்டார் டாக்டரம்மா. கை சூடேறியது, கனத்தது. பிறகு அதை மடக்கி நெஞ்சின்மேல் வைத்திருப்பதுபோல் இருந்தது. தலையைத் திருப்பினால், நர்ஸ் ஒரு கையைத் தூக்கிப் பிடித்து மருந்து தடவிக்கொண்டிருக்கிறார்.

"அது யாரு கைம்மா?"

"ஒங்க கைதான்."

"என் கை நெஞ்சு மேலல்லா இருக்கு?"

டாக்டரம்மா என் வலது கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார். தடவிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. மூச்சு முட்டியது.

"என்னயத் தூங்க வச்சிருங்கம்மா."

"மூச்ச மெதுவா விடுங்க. வலிச்சா சொல்லுங்க, ஒடனே நிறுத்தச் சொல்லுதேன். நான் இங்கனதான் இருக்கேன்."

என் முகத்துக்கும் கைக்கும் நடுவில் துணி கட்டினார்கள். அருள் நிறைந்த மரியே செபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்துபோகிறது. திரும்பத் தொடங்குவேன். துளை போடும் சத்தம் கேட்டது. இதோ வலிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்தேன். வரவில்லை. அடுத்த சத்தத்துக்கும் வரவில்லை. யாரோ இழுக்கிறார்கள், அவ்வளவுதான். என்னையறியாமல் அழுதேன்.

"வலிக்கா அண்ணாச்சி?"

"இல்லம்மா. வலிக்கல. அதான் எனக்குப் புரியல."

முடிந்தும் கை கட்டைபோலவே கிடந்தது. மருந்து இறங்க நேரமாகும் என்று சொல்லியிருந்தும், கை செத்துப்போயிற்றோ என்று பயம். பொழுது சாயும் நேரத்தில் சுண்டுவிரல் குறுகுறுத்தது. கொஞ்ச நேரத்தில் வலி பிடித்தது.

"ஏளா, வலிக்கி" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேனாம். ஜெசிந்தா பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டரம்மா சொன்னார்: "முழு மயக்கம் குடுத்திருந்தா, மூச்சுக்குன்னு தொண்டைக்குள்ள போடுத குழாய, ஒங்க நெஞ்சு இருக்க நெலமைக்குத் திரும்ப எடுக்கது ரொம்பக் கஷ்டமாயிருக்கும். எடுக்க முடியாமக்கூடப் போயிருக்கலாம்."

அந்த முழு மயக்கத்தைத்தானே நான் மூன்று நாள் அழுது கேட்டேன்?

ஆண்டவர் என் செபத்தைக் கேட்டாரா, கேட்காமல் விட்டுக் காப்பாற்றினாரா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. விரல்கள் மடங்குகின்றன. இப்போது நான் கடலில் இறங்குவதில்லை. வள்ளத்தில் இருந்து கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு பூசை தவறுவதில்லை. செபத்தில் வேண்டியதைச் சொல்கிறேன். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்வதில்லை.

இன்று இந்தக் கோவிலுக்குக் குழப்பத்தோடு வந்து என் சாட்சியைக் கேட்கிறவர்களே, குழப்பத்தோடேயே அவரிடம் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் என்னைக் கைவிடவில்லை.