கொட்டாஞ்சேனையில் ஆடிய கப்பல்

"இது என்ன டீச்சர், மதிலா?"

ஃபாதர் இப்படிக் கேட்டபோது நான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை. ஏனென்றால், அவர் விரல் நீட்டிக் காட்டியது கப்பலை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபம். திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை அங்கே வருஷா வருஷம் நாடகம் நடக்கும். எழுதுவது, பழக்குவது, திட்டுவது எல்லாமே என் தோழி ஸ்டெல்லா. நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். நான் வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் போய், மண்டபத்தில் ஒரு கதிரையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காத ஆலோசனைகளை வழங்குவேன். எனக்கு அந்தப் பதவி நிரந்தரம்.

இந்த வருஷக் கதை - புயலில் சிக்கிய மாலுமிகள் மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறார்கள். ஆகவே கப்பல் வேண்டும்.

திருவிழாக் குழு என்ன சொன்னது தெரியுமா? "எல்.ஈ.டி. ஸ்கிரீன் வாடகைக்கு எடுப்பம் டீச்சர். கடல், கப்பல், மின்னல் எல்லாம் அதிலயே ஓடும். முன்னால நாலு பேர் நிண்டாக் காணும்."

ஸ்டெல்லா ஏலாது என்றுவிட்டாள். அவள் ஏலாது என்றால் ஏலாதுதான். கடைசியில் ஃபாதர் நடுவில் புகுந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். முதலில் செட்டைப் போட்டுக் காட்டுங்கள். கப்பலாகத் தெரிந்தால் கப்பல், தெரியாவிட்டால் ஸ்கிரீன்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? பஸ் ஹோல்ட்டுக்கு நடக்கும்போது அவளிடமே கேட்டேன்.

"அன்டன் ரிட்டையர் ஆனதில இருந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால இருக்கிறார். முடிஞ்ச கிரிக்கெட் மேட்சையே திரும்பத் திரும்பப் பாக்கிறார். கடைக்குப் போறதும் இல்ல, ஆரோடயும் கதைக்கிறதும் இல்ல. மரம் அறுக்க, ஆணி அடிக்க எண்டாவது வெளியில வருவார் எண்டு நினைச்சன். ஸ்கிரீன் வந்தா அவருக்கு அங்க என்ன வேலை? அதுவும் ஒரு டிவிதானே?"

அன்டன் அவளுடைய கணவர். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். முன்பெல்லாம் நான் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே பகிடியும் சிரிப்புமாகத் தொடங்கிவிடுவார். இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறார். எனக்கும் மனது கனத்துப்போனது. அந்தக் கப்பல் எப்படியாவது மிதந்தே ஆகவேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

இங்கேதான் கடற்கொள்ளையர்கள் வருகிறார்கள்.

கொஞ்ச நாளாக ஒரு கொள்ளையர் தொடர் பார்க்கிறேன். கதை? யார் யாரைக் குத்தினான், ஏன் குத்தினான்... சத்தியமாக ஞாபகம் இல்லை. நான் பார்ப்பது செட்டை. கப்டனின் அறை இருக்கிறதே - பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி போட்ட ஜன்னல். அதன் வழியே வருகிற பச்சை வெளிச்சம். கத்தி குத்திக் குத்தித் தழும்பேறிய மேசை. மூலையில் உப்புப் பூத்த ஒரு பெட்டி. ஆளை ஆள் வெட்டுகிற நேரத்திலும், 'கொஞ்சம் தள்ளி நிண்டு வெட்டு தம்பி, அலுமாரி மறைக்குது' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் வீட்டைக் கூட்டவே அலுத்துக்கொள்கிற எனக்கு அந்த அழுக்கு அறையில் குடியிருக்க ஆசை. இதற்கு என்ன மருந்து?

அதை ஸ்டெல்லாவுக்குக் காட்டினேன், அவள் வீட்டு டிவியில். கிரிக்கெட்டை நிறுத்தியதற்கு அன்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் எழும்பிப் போகவில்லை.

"இதெல்லாம் ஒரு கப்பலா தங்கச்சி? இவ்வளவு பெரிய ஜன்னல் வச்சா முதல் அலையிலயே கடல் உள்ளுக்கு வந்திரும். நான் எத்தனை கப்பல் பாத்திருக்கிறன்."

"அப்ப நீங்களே ஒண்டைக் கட்டிக் காட்டுங்களன்" என்றாள் ஸ்டெல்லா. இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

அடுத்த நாள் அன்டன் காற்சட்டை போட்டார். மூவரும் மருதானைக்கு மரம் வாங்கப் போனோம். எதற்கு இந்தப் பலகை என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். "நெவக் ஹதன்ன" என்றாள் ஸ்டெல்லா, கப்பல் கட்ட என்று. அவர் பலகைகளைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார். "பொடி நெவக் நேத?" என்றார். சின்னக் கப்பல்தானே என்று அவருக்குக் கவலை.

அதன்பிறகு மண்டபத்தில் தினமும் சுத்தியல் சத்தம். அன்டன் ஒருவரையும் கிட்ட விடவில்லை. பெயின்ட் காயும்வரை துணி போட்டு மூடியே வைத்திருந்தார். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், ஃபாதரை முன்னால் உட்காரவைத்துத் துணியை விலக்கினார்.

மேடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சாம்பல் நிறத்தில் உயரமாக, நேராக ஒரு... ஃபாதர் சொன்னதுதான் சரி. மதில். அடியில் சிவப்பு, ஓரத்தில் வெள்ளை இலக்கங்கள்.

"துறைமுகத்து ஜெட்டியில நிண்டு பாத்தா அச்சொட்டா இப்பிடித்தான் ஃபாதர் இருக்கும்" என்றார் அன்டன்.

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்து பார்க்கிறவருக்குக் கப்பல் என்பது இரும்பு மதில்தானே? கப்பலைக் கண்ணாலும் காணாத ஒருவர் என்றால் ஒரு பாயும் கொடியும் வைத்துச் சமாளித்திருப்பார். துறைமுகத்துக்காரர் மட்டுமே விடக்கூடிய பிழை இது.

"திங்கட்கிழமை ஸ்கிரீன்காரருக்கு முடிவு சொல்ல வேணும்" என்றார் ஃபாதர். "நாளைக்குப் பின்னேரம் இன்னொருக்காப் பாப்பம்."

மூவரும் அவர்கள் வீட்டுக்குப் போனதும் அன்டன் சாரத்துக்கு மாறினார். டிவியைப் போட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினாள். கொள்ளையர் தொடரைப் போட்டாள், சத்தமில்லாமல். "அவங்கட அறை மட்டும் எப்பிடிக் கப்பல் மாதிரி இருக்கு? கண்டுபிடிக்காம நான் எழும்பமாட்டன்."

மூவரும் ஊமைப்படம் பார்த்தோம். திடீரென்று அன்டன் முணுமுணுத்தார். "கள்ளனுகள். கப்பல் ஆடவே இல்ல. விளக்கைத்தான் ஆட்டுறானுகள்."

"திரும்பச் சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"கோப்பையில இருக்கிற தண்ணியைப் பார். அசையுதா? விளக்கு ஆடுது, அதோட சேர்ந்து ஆக்கள் சாயிறாங்கள். அவ்வளவுதான்."

உண்மைதான். முழுக் கப்பலைக்கூட அவர்கள் அதிகம் காட்டுவதில்லை. ஒரு ஜன்னல், ஒரு விளக்கு... மிச்சக் கப்பலை நான்தான் இவ்வளவு நாளும் கட்டியிருக்கிறேன். நம்மை நம்பவைக்க அதிகம் தேவையில்லை போல. ஆடுவதற்கு ஒன்று, கூடவே சாய்வதற்குப் பத்துப் பேர். தேர்தல் மேடைகளிலும் வேறென்ன நடக்கிறது?

ஞாயிறு பூசை முடிந்ததும் அன்டன் மரம் அறுக்கிற வாளோடு மேடையில் ஏறினார். தான் கட்டிய மதிலைத் தானே அறுத்தார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். வெட்டிய இடம் ஜன்னலானது. பின்னால் பச்சைக் கண்ணாடித் தாளும் ஒரு பல்பும் வைத்தோம். உத்தரத்திலிருந்து ஓர் அரிக்கன் லாம்பு தொங்கியது; அதில் கட்டிய கயிறு மேடைக்குப் பின்னால் அன்டனின் கையில்.

ஒத்திகையில் முதல் தடவை விளக்கு ஆடியபோது ஒரு மாலுமி மட்டக்குளிப் பக்கம் சாய்ந்தான், இன்னொருவன் மருதானைப் பக்கம் சாய்ந்தான். ஸ்டெல்லா தலையில் கை வைத்தாள்.

"விளக்கைப் பாருங்கடா" என்று பின்னாலிருந்து அன்டனின் குரல். "விளக்கு போற பக்கம் நீங்களும் போங்க. அவசரப்படாதீங்க."

பழகினார்கள், பழகினார்கள், பின்னேரம் ஃபாதர் வரும்வரை பழகினார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். மனிதர் விளக்கோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அதன்பிறகு ஸ்கிரீன் என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை.

போன சனிக்கிழமை நாடகம். மண்டபம் நிரம்பி வழிந்தது. புயல் காட்சியில் அன்டன் கயிற்றை இழுத்து விளாசினார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கைப்பையைத் திறந்து, தைலப் போத்தலை எடுத்து, நெற்றியில் பூசிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் இப்படி ஒரு விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை.

நாடகம் முடிந்ததும் ஃபாதர் மேடைக்குப் பின்னால் வந்தார். "அன்டன், அடுத்த வருஷம் கொஞ்சம் மெல்லமா ஆட்டுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா எனக்குப் போன் எடுத்தாள். அன்டன் எங்கே என்று கேட்டேன்.

"விடியவே மண்டபத்துக்குப் போயிட்டார். பலகையெல்லாத்தையும் கழட்டிப் பத்திரப்படுத்த வேணுமாம். நாடகப் பெடியங்களோட சாப்பிட்டுட்டுத்தான் வருவாராம்."

பிறகு சொன்னாள்:

"டிவி சும்மாதான் கிடக்கு. வாறியா, அந்தக் கொள்ளைக்காரனுகள்ட மிச்சத்தைப் பாப்பம்?"